சலூனில் எழுதப்பட்ட மருந்துச் சீட்டு

2018இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஓர் ஆய்வு வெளியானது. களம், லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் கறுப்பின மக்கள் நடத்தும் 52 முடிதிருத்தகங்கள். அங்கு வழக்கமாக வரும், இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாத 319 கறுப்பின ஆண்கள் அதில் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினரிடம் முடிதிருத்துபவர்கள் 'டாக்டரைப் போய்ப் பாருங்கள், சாப்பாட்டைக் கவனியுங்கள்' என்று சொன்னார்கள். இன்னொரு பிரிவினரைத் தேடி மருந்தாளுநரே கடைக்கு வந்தார். அழுத்தம் பார்த்தார், மருந்து எழுதினார், இரத்தப் பரிசோதனை செய்தார், தேவைப்பட்டபோது மாத்திரையைக் கூட்டினார். ஆறு மாதத்தில் முதல் பிரிவினருக்கு மேல் அழுத்தம் சராசரியாக 9 புள்ளி குறைந்தது. இரண்டாம் பிரிவினருக்கு 27 புள்ளி.

மருந்தாளுநர் எப்படி மருந்து எழுதினார்? 'கொலாபரேட்டிவ் பிராக்டீஸ் அக்ரிமென்ட்' என்ற ஏற்பாட்டின்படி. கூட்டு மருத்துவ ஒப்பந்தம் என்று சொல்லலாம். எந்த நோய், எந்தெந்த மருந்து, எந்த அளவு வரை, எப்போது பரிசோதனை, எந்த நிலையில் உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்பதையெல்லாம் எழுதி டாக்டரும் மருந்தாளுநரும் கையெழுத்திடுகிறார்கள். அந்த எல்லைக்குள் மருந்தாளுநர் முடிவெடுக்கலாம். வாஷிங்டன் மாநிலம் 1979லேயே இதற்குச் சட்டத்தில் வழி செய்தது.

ஆனால் ஏன் சலூன்? 1932 முதல் 1972 வரை டஸ்கிகீயில் கறுப்பின ஆண்களின் மேகநோய்க்குச் சிகிச்சை தராமலே அமெரிக்க அரசின் சுகாதாரத் துறை வேடிக்கை பார்த்தது. பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. அந்த வரலாறு உள்ள மக்களிடம் 'ஆஸ்பத்திரிக்கு வா' என்றால் போதாது. நம்பும் இடத்துக்கு மருத்துவம் போக வேண்டியிருந்தது.

இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர் நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. தமிழ்நாட்டில் முடிதிருத்தும் சமூகத்தின் பெயரே மருத்துவர். மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலும் அப்படித்தான் இருக்கிறது. கட்டி அறுத்ததும் புண் ஆற்றியதும் அவர்கள்; பிரசவம் பார்த்தது அந்த வீட்டுப் பெண்கள். அறிவும் உழைப்பும் அவர்களுடையது, மரியாதை மட்டும் வேறெங்கோ போனது. வேலையை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே மேல் கீழாக அடுக்குவது சாதி என்று அம்பேத்கர் காட்டினார். இன்றைய ஆஸ்பத்திரியின் அடுக்குகள் எல்லாமே சாதி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கையால் தொட்டு வேலை செய்பவர் யோசிக்கக் கூடாது என்ற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம் அல்லவா?

ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்து ஜன்னலைப் பாருங்கள். பிரஷர், சுகர் நோயாளியை மாதாமாதம் பார்ப்பவர் மருந்தாளுநர். யார் ஒழுங்காக வருகிறார், யார் இரண்டு மாதமாக வரவில்லை, யாருக்கு அம்லோடிபின் போட்டுக் கால் வீங்குகிறது என்பது அவருக்குத் தெரியும். சீட்டில் உள்ளதை மாற்ற மட்டும் உரிமை இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது, பெரிய காரியம்தான். ஆனால் அழுத்தம் இறங்கவில்லை என்றால் மாத்திரையைக் கூட்ட டாக்டரிடம்தான் போக வேண்டும். நூறு நாள் வேலைக்கோ சித்தாள் வேலைக்கோ போகும் பெண்ணுக்கு அது ஒரு நாள் கூலி. போகமாட்டார். பழைய மாத்திரையே ஓடும், ஒரு நாள் பக்கவாதம் வரும்வரை.

'ஏழைக்கு மட்டும் அரைகுறை வைத்தியமா?' என்று கேட்பார்கள். 2019இல் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32ஆம் பிரிவு சமூக சுகாதாரப் பணியாளர்களுக்கு மருந்து எழுத வழிவிட்டபோது டாக்டர்கள் இதைச் சொல்லித்தான் போராடினார்கள். நியாயமான கேள்வி. ஆனால் இங்கே நோயைக் கண்டறிவது டாக்டர். வரம்பை வகுப்பதும் அவர்தான். லாஸ் ஏஞ்சலிஸில் பின்தங்கியது 'டாக்டரிடம் போ' என்று மட்டும் சொல்லப்பட்டவர்கள். படிப்பு இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆறாண்டு ஃபார்ம்.டி படிப்பு 2008 முதல் இந்தியாவில் இருக்கிறது, அதில் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி.

எனக்கு இருக்கும் பயம் வேறு. இந்த உரிமை தனியார் மருந்துக் கடைக்குப் போகக் கூடாது. விற்பவரே அளவைக் கூட்டினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. சுவரில் ஒருவர் சான்றிதழ் தொங்க, இன்னொருவர் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் கடைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அரசுச் சம்பளம் வாங்கும் மருந்தாளுநருக்கு மட்டும், பிரஷருக்கும் சுகருக்கும் மட்டும் என்று தொடங்கலாம்.

சலூனையும் அப்படியே நகலெடுக்க முடியாது. தலித்துகளுக்கு முடிவெட்ட மறுக்கும் கடைகள் இங்கே இன்னும் இருக்கின்றன. ஊர்ப் பக்கம் ஓர் இடத்தில் மருந்தாளுநர் உட்கார்ந்தால் காலனிக்காரர் வாசலிலேயே நிற்க நேரிடும். எனவே அவர் உட்காரும் இடம் காலனிக்குள் இருக்கட்டும், ஊர்க்காரர் அங்கே வந்து வரிசையில் நிற்கட்டும். இப்போதைய விதிகளில் டாக்டரைக் கேட்காமல் மருந்தாளுநர் சீட்டை மாற்ற முடியாது. ஆகவே சட்டத் திருத்தம் வேண்டும். அந்தத் திருத்தத்தை எழுதும் குழுவில் மருந்தாளுநர்களும், வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகும் பெண் தன்னார்வலர்களும் உட்கார வேண்டும்.