12,500 ரூபாய்க்கு ஒரு பொய்

பிக்கப் வண்டிக்குச் சிப் போட்டால் இழுவையும் கூடும், டீசலும் மிச்சமாகும் என்று ஊரெல்லாம் பேச்சு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லோடு அடித்துப் பிழைக்கிறவன் அதை வாங்கவே கூடாது. கோபம் வருகிறவர்கள் முழுதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

என் தம்பி மகன் ஒரு பிக்கப் வைத்திருக்கிறான். சீசனில் பண்ருட்டியிலிருந்து பலாப்பழம், மற்ற நாளில் காய்கறி, சிமெண்ட் என்று கிடைத்த லோடு. வண்டிக்கு மாதத் தவணை ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருநாள் வந்து, "பெரியப்பா, வண்டிக்குச் சிப் போட்டுட்டேன். 12,500 ஆச்சு. மைலேஜ் 15 காட்டுது" என்றான். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"எதுல காட்டுது?"

"மீட்டர்லதான் பெரியப்பா."

நான் வேலையில் இருந்தபோது ஆபீஸ் ஜீப்புகளின் லாக் புக் பல வருஷம் என் மேஜைக்குத்தான் வரும். டிரைவர் எழுதிய கிலோமீட்டரையும் பங்க் ரசீதையும் ஒத்துப் பார்த்து அதிகாரியின் கையெழுத்துக்கு வைக்க வேண்டும். வண்டி சொல்வதை நம்பாதே, ரசீதை நம்பு என்பது அந்த நாற்காலி கற்றுக்கொடுத்த பாடம். "டேங்கை முழுக்க ரொப்பு. கிலோமீட்டரைக் குறிச்சுக்கோ. ஓட்டிட்டு வந்து அதே பங்க்ல மறுபடி முழுக்க ரொப்பு. அப்புறம் பேசலாம்" என்றேன்.

612 கிலோமீட்டர் ஓடியிருந்தான். ரொப்பியது 48.6 லிட்டர். வகுத்தால் 12.6. சிப் போடுவதற்கு முன் இதே முறையில் அவன் நோட்டில் எழுதி வைத்திருந்தது 13. அப்படியானால் மீட்டர் காட்டிய 15 எங்கிருந்து வந்தது?

விஷயம் இதுதான். இன்றைய டீசல் எஞ்சினில் காமன் ரெயில் என்று ஒரு பொதுக் குழாய் உண்டு. பம்ப் அதில் டீசலை 1,000 பாருக்கு மேலும் அழுத்தி வைக்கும். கார் டயரில் நாம் அடிக்கிற காற்று சுமார் 2 பார்தான், ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த அழுத்தத்தை ஒரு சென்சார் அளந்து எஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. இன்ஜெக்டரை எவ்வளவு நேரம் திறப்பது என்று கம்ப்யூட்டர் அதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. இவன் வாங்கிய பெட்டி இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, அழுத்தம் குறைவாக இருப்பதாகப் பொய் சொல்கிறது. கம்ப்யூட்டர் அதை நம்பி அழுத்தத்தை ஏற்றுகிறது. டீசல் கூடுதலாகப் பாய்கிறது, இழுவை கூடுகிறது. இழுவை கூடுவது உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் கூடுதலாகப் பாய்ந்தது கம்ப்யூட்டருக்கே தெரியாது. தான் கொடுத்ததாக நினைக்கிற டீசலை வைத்துத்தான் அது மைலேஜ் காட்டுகிறது. கள்ளக் கணக்கு எழுதியவனே தணிக்கையும் செய்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் அந்த 15.

இதைவிட மலிவாக இன்னொரு சரக்கும் விற்கிறார்கள். டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் சாக்கெட்டில் சொருகுவது. அந்த ரகத்தில் பலவற்றைப் பிரித்துப் பார்த்தால் மினுக்குகிற விளக்கும் அதற்கான சின்னச் சர்க்யூட்டும்தான் இருக்கும். அது ஏமாற்று என்றாலும் எஞ்சினையாவது கெடுக்காது.

2015-இல் ஃபோக்ஸ்வாகன் விவகாரம் நினைவிருக்கும். சோதனை நேரத்தில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும்படி வண்டியின் மென்பொருளையே அமைத்திருந்தார்கள். உலகம் முழுவதும் சுமார் 1.1 கோடி வண்டிகள். அங்கே கம்ப்யூட்டர் மனிதனிடம் பொய் சொன்னது. இங்கே நாம் காசு கொடுத்துக் கம்ப்யூட்டரிடம் பொய் சொல்கிறோம்.

"கம்பெனிக்காரன் பவரை அடக்கி வெச்சிருக்கான், சிப் அதைத் திறந்து விடுது" என்பது விற்கிறவர்களின் முக்கிய வாதம். அடக்கி வைத்திருப்பது நிஜம். எதற்காக? சித்திரை வெயிலுக்காக, அடைத்த ஃபில்டருக்காக, 1.3 டன் வண்டியில் 2 டன் ஏற்றுகிற நம் ஆட்களுக்காக. நம் ஜி.பி.எஃப். பணம் மாதிரி அது. எடுக்கலாம், அன்றைக்குக் கையில் காசு புரளும். பெண் கல்யாணம் வரும்போது என்ன செய்வீர்கள்? கூடுதல் டீசல் எரிந்தால் கூடுதல் சூடு. அந்தச் சூடு பிஸ்டனுக்கும் டர்போவுக்கும் போகிறது. கூடுதல் இழுவை கிளட்ச் தட்டின் தலையில் விழுகிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்த பிறகு புகைக்கரியைப் பிடிக்க வடிகட்டி வைத்த வண்டிகளாக இருந்தால், அதுவும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். அரைக் கிலோமீட்டர் மைலேஜ் கூடினாலே பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் கொடுக்கிறவர்கள் வண்டிக் கம்பெனிக்காரர்கள். 12,500 ரூபாய்ப் பெட்டி நூற்றுக்குப் பதினைந்து டீசல் மிச்சம் பண்ணும் என்றால் தொழிற்சாலையிலேயே வைத்து விற்றிருக்க மாட்டார்களா?

டீசல் எஞ்சினைக் கண்டுபிடித்த ருடோல்ஃப் டீசல் 1858-இல் பாரிசில் பிறந்தவர். எங்கள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் மெஸ்ஸியே இதைப் பெருமையாகச் சொல்வார். அதே வகுப்பில் லவோய்சியேவையும் கார்னோவையும் படித்தோம். ஒன்றுமில்லாததிலிருந்து எதுவும் வராது. வெப்பத்திலிருந்து பெறும் வேலைக்கு ஓர் எல்லை உண்டு. அறுபது வருஷம் ஆகியும் அந்தப் பாடம் தப்பாகவில்லை.

இத்தனையும் அவனிடம் சொன்னேன். "ஏறுறப்ப நல்லா இழுக்குது பெரியப்பா" என்று விட்டுவிட்டான். நான்காவது மாதம், பலாப்பழ லோடோடு கடலூர் தாண்டி வரும்போது தவளக்குப்பத்தில் வண்டி புகையைக் கக்கி நின்றது. டர்போ போய்விட்டது. வேறு வண்டி பிடித்து லோடை மாற்றினான். வாரண்டி காலம் முடியவில்லை என்று தைரியமாக சர்வீசுக்குக் கொண்டுபோனான். அவர்கள் சென்சார் வயரில் இருந்த பெட்டியைப் பார்த்தார்கள். வாரண்டி கிடையாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். 46,000 ரூபாய் பில். அந்த மாதத் தவணையை என் பென்ஷனிலிருந்து கட்டினோம்.

சிப்தான் டர்போவைக் கெடுத்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஓடிவந்த சூட்டோடு எஞ்சினை நிறுத்தினாலும் டர்போ போகும். ஆனால் சிப் காரணமில்லை என்று நிரூபிக்கும் சுமை அவன் தலையில் விழுந்துவிட்டதே, அதைத்தான் சொல்கிறேன். விற்ற கடைக்காரர் போனை எடுக்கவில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்து இன்சூரன்ஸ் கேட்டுப் போகும்போது இதெல்லாம் கிளம்பும்.

ரேஸ் ஓட்டுகிறவர் போடட்டும். எஞ்சின் போனால் இன்னொன்று வாங்க அவரிடம் காசு இருக்கிறது. தவணை கட்டுகிறவனுக்கு வேறு வழி உண்டு. ஏர் ஃபில்டரைக் காலத்தில் மாற்றுங்கள். வாரம் ஒருமுறை டயர் காற்றைப் பாருங்கள். லோடுக்குக் காத்திருக்கும்போது எஞ்சினை அணையுங்கள். 50, 60-க்கு மேல் மிதிக்காதீர்கள். என் தம்பி மகன் இப்போது இதைத்தான் செய்கிறான். போன மாதம் டேங்க் கணக்கில் 13.5 வந்தது. நோட்டை அவனே கொண்டுவந்து காட்டினான்.

அந்தப் பெட்டி என் மேஜை டிராயரில் கிடக்கிறது. பாதி விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். கொடுக்கவில்லை.