ஒரு தமிழுக்கு இரண்டு விசைப்பலகைகள்

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்குப் பேருந்தில் சில நிமிடங்களில் கடந்துவிடக்கூடிய அந்தக் கோடு, தமிழ் பேசும் குடும்பங்களின் நடுவே விழுந்தது. அரசியல் வரலாறு அதனை விரிவாகவே பதிந்திருக்கிறது. அதே கோடு இன்று கணினித் திரையிலும் கிடக்கிறது என்பது அதிகம் பேசப்படுவதில்லை.

கேரளப் பள்ளிகளின் கணினிகள் குனு/லினக்ஸில் இயங்குகின்றன. 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டமும், 2017இல் அதன் தொடர்ச்சியாக உருவான கைட் நிறுவனமும் இதனைச் சாதித்தன. பத்தாம் வகுப்பின் தகவல் தொழில்நுட்பச் செய்முறைத் தேர்வும் இத்தளத்திலேயே நடைபெறுகிறது. 2018 முதல் லிட்டில் கைட்ஸ் மன்றங்களில் மாணவர்களே கணினிப் பராமரிப்பில் கைவைக்கிறார்கள். உரிமத்திற்குப் பணம் கட்டாத இயங்குதளத்தை ஏழை வீட்டுப் பிள்ளையும் அஞ்சாமல் திறந்து பார்க்கும் நிலை சாதாரணமானதன்று. அதனாலேயே அதில் எஞ்சியிருக்கும் குறை உறுத்துகிறது.

கேரளப் பள்ளிகளில் தாய்மொழித் தட்டச்சு என்றால் இன்ஸ்கிரிப்ட். நடுவணரசு தரப்படுத்திய இம்முறையில் இந்திய மொழிகள் அனைத்திலும் ஒத்த ஒலிக்கு ஒரே விசை. மலையாளக் ககரத்திற்குக் கே விசையை அழுத்தப் பழகிய விரல், தமிழ்க் ககரத்திற்கும் அங்கேயே செல்லும். இருமொழிகளுக்கிடையே வளரும் எல்லைப்புறப் பிள்ளைக்கு இதைவிட வசதியான ஏற்பாடு இராது. ஆனால் தமிழ்நாடு 1999இல் ஏற்றது தமிழ்99. அங்கே கே விசை மகரத்தைத் தரும். ககரம் எச் விசையில் இருக்கும். இன்ஸ்கிரிப்ட் பழகியவர் ‘கதை’ என்று தட்டினால் தமிழ்99 அமைப்பில் ‘மதீ’ என்று விழும். தகரம் மட்டும் இரண்டிலும் ஒரே இடத்தில் அமைந்திருப்பது தற்செயலான கருணை.

பாறசாலையில் பத்தாம் வகுப்பு முடித்து, மார்த்தாண்டம் பக்கம் கல்லூரியில் சேரும் மாணவர் சந்திக்கும் முதல் ‘பழுது’ இதுதான். கணினியில் எந்தக் கோளாறும் இல்லை. ஆயினும் ஆய்வகங்களில் இத்தகைய தருணத்தில் வழங்கப்படும் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றே: “அழித்துவிட்டு மறுபடி நிறுவு.” மறுநிறுவல் நோயறிதல் ஆகாது, நோயாளியை மாற்றிவிடுவது. லினக்ஸ் தன் உள்நிகழ்வுகளைப் பதிவேடுகளில் எழுதிவைக்கும் இயல்புடையது. அவற்றை வாசிக்கக் கற்பிக்காமல் அதனை வழங்குவது, நூலகத்தைக் கொடுத்துவிட்டு எழுத்தறிவை மறுப்பதற்குச் சமம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. அமைப்புகளில் ‘தமிழ்நெட் 99’ என்று தோன்றும் விசைப்பலகை அமைவு வேறு, ஐபஸ் வழியாக எம்17என் தரும் தமிழ்99 உள்ளீட்டு முறை வேறு. முன்னது விசைக்கு ஓர் எழுத்து என்ற அளவோடு நின்றுவிடும். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக ஏறுவது போன்ற விதிகள் பின்னதில்தான் உள்ளன. “லினக்ஸில் தமிழ் சரியாக வராது” என்னும் பரவலான குறைக்கு, பெயரொற்றுமை கண்டு முன்னதைத் தேர்ந்ததே பல வேளைகளில் காரணம்.

தமிழ்நாட்டுப் பக்கமும் குற்றமற்றதன்று. 2010இல் ஒருங்குறியைத் தரமாக அறிவித்த பின்னரும் வானவில், பாமினி எழுத்துருக்களில் தட்டிய கோப்புகள் சுற்றிவருகின்றன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற இலத்தீன் குறிகளாகத் தெரியும். பழி இயங்குதளத்தின்மேல் விழுகிறது. வெற்றுக் கட்டங்கள் தெரிந்தால் எழுத்துரு இல்லை. இலத்தீன் குப்பை தெரிந்தால் குறியாக்கம் பழையது. முன்னதற்கு லோஹித் அல்லது நோட்டோ தமிழ் எழுத்துருவை நிறுவவேண்டும். பின்னதற்குக் குறியாக்க மாற்றி வேண்டும். இவ்வளவையும் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம்.

கைபேசியில் ஆங்கில எழுத்தைத் தட்டினாலே தமிழ் வந்துவிடுகிறதே, இந்தச் சச்சரவு எதற்கு என்று கேட்கலாம். வாழ்த்துச் செய்தி அனுப்ப அது போதும். இருநூறு பக்க ஆய்வேட்டை, தமிழை ஆங்கில ஒலிப்பில் நினைத்து எழுதுவது வேறு காரியம். ணகர னகரங்களுக்கும் லகர ளகர ழகரங்களுக்கும் இடையே ஒவ்வொரு சொல்லிலும் தயங்கும் மாணவரைக் கண்ட நெறியாளர்கள் அதனை அறிவார்கள்.

எந்த மாநிலமும் தன் தரத்தைக் கைவிடவேண்டியதில்லை. எல்லைப்புறப் பள்ளிகளின் கணினிகளில் இரண்டு உள்ளீட்டு முறைகளையும் நிறுவிவைத்து, மாற்றிக்கொள்ளும் வழியைச் சொல்லித்தரவேண்டும். நோம் முகப்பில் சூப்பர் விசையோடு இடைவெளி விசையை அழுத்தினால் போதும். பிழைச்செய்திகளின் ஆங்கிலத் தொடரை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் பொருளையும் அடுத்துச் செய்யவேண்டியதையும் தமிழில் விளக்கும் கையேடு வேண்டும். ஆங்கிலத் தொடரை நீக்கிவிட்டால் மாணவரால் இணையத்தில் தேட இயலாது. இருமொழியும் அறிந்த மாணவர்கள் பாறசாலையின் மன்றங்களிலேயே இருக்கிறார்கள். கையேட்டின் முதற்படியை அவர்கள் எழுதட்டும். கன்னியாகுமரி மாவட்டக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் அதனைத் திருத்தித் தரட்டும்.