கோழிக்குஞ்சுக்குப் பிரசவம் பார்க்கும் புண்ணியவான்களுக்கு

கோபத்துல எழுதுறேன். அங்கங்க சூடா இருந்தா பொறுத்துக்கோங்க.

போன மாசம் ஊருக்குப் போனப்போ அம்மாவோட செவலைக் கோழி அடையில இருந்துச்சு. மொத்தம் 11 முட்டை. 21-ஆம் நாள் காலையில மூணு முட்டையில ஓடு லேசா விட்டு, உள்ளேயிருந்து கீச்சு கீச்சுன்னு சத்தம். சாயங்காலம் வரைக்கும் ஒண்ணும் வெளியே வரலை. வீட்டுக்கு வந்திருந்த மச்சானுக்குப் பொறுக்கலை. "பாவம்டா, உள்ளயே மூச்சு முட்டிச் செத்துரும்"னு சொல்லி, கோழியைத் தூக்கி ஒரு பக்கமா வச்சுட்டு, நகத்தால ஓட்டை உரிச்சு எடுத்துட்டார். போன்ல வீடியோ பாத்துக் கத்துக்கிட்டாராம்.

மூணும் விடியறதுக்குள்ள செத்துப்போச்சு. தொப்புள்ல மஞ்சக்கரு பிதுங்கி, ரத்தம் கசிஞ்சு... பார்க்க முடியலை. மச்சானை மட்டும் குத்தம் சொல்லிட்டுத் தப்பிக்க முடியாது. டார்ச் பிடிச்சது நான்தான்.

அதுக்கப்புறம்தான் உக்காந்து படிச்சேன். படிக்கப் படிக்க வயிறு எரிஞ்சுது. முட்டையோட மழுங்கின பக்கத்துல ஒரு காத்தறை இருக்கு. குஞ்சு முதல்ல அதைக் குத்தி நுரையீரலால மூச்சு விடப் பழகுது. அப்புறம் அலகு நுனியில இருக்கிற சின்ன முள்ளால ஓட்டுல ஒரு ஓட்டை போடுது. போட்டுட்டு நிறுத்திடுது. 12 மணி நேரம், சில சமயம் ஒரு நாள் முழுக்க. நாம "மாட்டிக்கிச்சு"ன்னு பதறுறது இந்த நேரத்துலதான். ஆனா அது மாட்டலைங்க, வேலை பார்த்துக்கிட்டிருக்கு! ஓட்டுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிற சவ்வுல ஓடுற ரத்தத்தை உடம்புக்குள்ள இழுத்துக்கணும். மிச்ச மஞ்சக்கருவைத் தொப்புள் வழியா வயித்துக்குள்ள வாங்கிக்கணும். இதெல்லாம் முடிஞ்ச பிறகுதான் சுத்திச் சுத்தி வந்து ஓட்டை மூடி மாதிரி வெட்டித் தள்ளிட்டு வெளியே வரும். நடுவுல உரிச்சா, ரத்தம் ஓடுற நரம்பை அறுத்தாப்லதான். இதுக்குப் பேரு உதவியா?

இன்னொண்ணு. அடிக்கொரு தரம் கோழியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தா உள்ளே இருக்கிற ஈரப்பதம் போய், சவ்வு காய்ஞ்சு குஞ்சு மேல ஒட்டிக்கும். அப்ப நிஜமாவே வர முடியாது. சிக்கலை உண்டாக்குறதும் நாமதான், காப்பாத்துறேன்னு கிளம்புறதும் நாமதான்.

நிற்க. "அந்தக் காலத்துல எல்லாம் சரியா செஞ்சாங்க"ன்னு நான் சொல்ல வரலை. எங்க அப்பத்தா, வேண்டாத நேரத்துல அடைக்கு உக்காந்த கோழியைத் தொட்டித் தண்ணியில முக்கி எடுக்கும். மூக்குல இறகைக் குத்திவிடும். கொடுமை. இடி இடிச்சா முட்டை கெட்டுடும்னு கூடையில இரும்புத் துண்டும் கரியும் மிளகாயும் போடும். இடிக்கும் முட்டைக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா எனக்குத்தான் அடி விழும் :-) ஆனா ஒண்ணு, முட்டை விரியற அன்னைக்கு அந்தப் பக்கமே போகாது. எங்களையும் விடாது. கூடைக்குப் பக்கத்துல தண்ணியும் குருணையும் வச்சுட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போயிடும்.

ஏன்னா கோழிக்குத் தெரியும். மூணு வாரமா ஒரு நாளைக்கு ஒரு தடவை எந்திரிச்சு, தின்னு, குடிச்சு, கழிஞ்சுட்டு ஓடிவந்து உக்கார்ற ஜீவன் அது. யாரும் சொல்லாமலே முட்டையைப் புரட்டிவிடுது. உள்ளே குஞ்சு கத்தினா இது மெல்லக் கொக்கரிச்சுப் பதில் சொல்லுது. முதல் குஞ்சு வந்ததும் எந்திரிச்சுடாது. மத்ததும் விரியட்டும்னு ஒரு நாள், ரெண்டு நாள் காத்திருக்கும். "ஐயோ குஞ்சுக்குப் பசிக்குமே"ன்னு அதுக்குள்ள பிரிச்சு அட்டைப்பெட்டியில போட்டு பல்பு மாட்டுறாங்க. வயித்துக்குள்ள போன மஞ்சக்கருதாங்க அதுக்கு ரெண்டு நாள் சாப்பாடு! ஹேச்சரிக்காரங்க ஒரு நாள் குஞ்சை வண்டியில ஏத்தித் தூரத்துக்கு அனுப்புறதே இந்த தைரியத்துலதான்.

"அப்போ கண்ணு முன்னாடி சாகட்டும்னு விட்டுடணுமா?"ன்னு அக்கா சண்டைக்கு வந்தா. நியாயமான கேள்விதான். ஓட்டை போட்டு ஒரு நாள் தாண்டியும் அசையலைன்னா, காய்ஞ்ச சவ்வை வெதுவெதுப்பான தண்ணியில லேசா நனைச்சு விடலாம். ரத்தம் தெரிஞ்சா அந்த நிமிஷமே கையை எடுத்துடணும். ஆனா நூத்துல எத்தனை பேரு ஒரு நாள் காத்திருக்கோம்? நாங்க பத்து மணி நேரம்கூட இருக்கலையே.

எனக்கு நிஜமா எரிச்சல் வேற இடத்துல. பொரிக்கிற அன்னைக்கு இத்தனை கை நீளுதே, ஒரு வாரம் கழிச்சு எங்க போகுது? வெள்ளைக்கழிச்சலுக்கு முதல் வாரத்துல கண்ணுல ஒரு சொட்டு மருந்து விடணும். கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போக யாருக்கும் நேரமில்லை. ஆழமான கிண்ணத்துல தண்ணி வச்சா குஞ்சு விழுந்து சாகும், அதுல நாலு கூழாங்கல் போட ஆளில்லை. மத்தியானம் காக்காவும் பருந்தும் வரும்போது பஞ்சாரத்தைக் கவுத்தணும்னு தோணலை. உதவி தேவைப்படுறது இங்கதான். இதுல வீடியோ எடுக்க ஒண்ணுமில்லை, அதான்.

மிச்சம் எட்டு முட்டையில ஒண்ணு கூமுட்டை. ஏழு குஞ்சு நல்லா இருக்கு. இப்ப கருப்புக் கோழி அடையில இருக்கு, இன்னைக்கு 18-ஆம் நாள். கொட்டகையைப் பூட்டிச் சாவியை இடுப்புல சொருகிக்கச் சொல்லி அம்மாகிட்ட போன்ல சொல்லிட்டேன். "மாப்பிள்ளை வந்து கேட்டா என்னடா சொல்ல?"ன்னு கேட்டாங்க. தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லும்மான்னேன்.