மற்றும் குழுவினர்

என் தமக்கையின் மகன் பேஸ் கிற்றார் வாசிப்பவன். பகலில் வங்கியொன்றில் உத்தியோகம். வார இறுதிகளில் திருமண மண்டபங்களிலும் ஹோட்டல்களிலும் வாசிப்பு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவனைப் போன்ற நான்கைந்து பேர் வெள்ளவத்தையிலுள்ள எங்கள் வீட்டு விறாந்தையில் கூடுவார்கள். கடந்த வாரம் எங்கே வாசித்தோம், யார் என்ன கருவி வாங்கினார், எந்தப் பாட்டில் பேஸ் நன்றாக விழுந்திருக்கிறது என்பவற்றைத் தவிர வேறு பேச்சு அங்கே எழாது. தந்திகளை எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை மாற்றுவது என்பதை வைத்தே இரண்டு மணித்தியாலம் வாதாடுவார்கள். (இதென்ன வேலையற்ற பேச்சு என்று ஒருநாள் கேட்டேன். "ஒற்று மிகுமா மிகாதா என்று நீங்கள் கந்தோரில் சண்டை பிடிப்பதில்லையா, மாமா?" என்றான். நான் உள்ளே போய்விட்டேன்.)

அந்தப் பேச்சு வேலையற்ற பேச்சு அன்று என்பதே இப்போது என் கருத்து. ஏன் மாறினேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

பேஸ் கிற்றார் வயதில் இளைய கருவி. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் என்பவர் 1951இல் 'பிரிசிஷன் பேஸ்' என்ற பெயரில் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்னர் அந்த இடத்தில் ஆளுயரத்துக்கும் மேற்பட்ட டபுள் பேஸ் நின்றது. அதைச் சுமந்து திரிவது ஒரு தண்டனை. மேளமும் மின்கிற்றாரும் சேர்ந்து ஒலித்தால் அதன் குரல் எடுபடாது. ஃபெண்டரின் கருவி தோளில் தொங்கியது, மின்சாரத்தில் பேசியது, வீணையில் உள்ளதுபோல் மெட்டுகளைக் கொண்டிருந்தது. சுரம் பிசகாது என்பதால்தான் துல்லியத்தைக் குறிக்கும் அந்தப் பெயர்.

அதன் நான்கு தந்திகளில் மிகத் தடித்தது செக்கனுக்கு ஏறத்தாழ 41 தடவைகள் அதிரும். நாங்கள் சிறுவயதில் பாட்டுக் கேட்ட டிரான்சிஸ்டர் வானொலியின் உள்ளங்கையளவு ஒலிபெருக்கியால் அந்த ஒலியை எழுப்பவே இயலாது. அதன் மேற்சுரங்களை மட்டும் கேட்டுவிட்டு, இல்லாத அடிச்சுரத்தை நமது மூளை தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. ஆக, கேட்காமலே கேட்ட கருவி அது. வாசித்தவரை யாரென்று விசாரிக்க எவருக்கும் தோன்றாததில் வியப்பில்லை.

விறாந்தைக் கூட்டத்தில் அடிக்கடி அடிபடும் பெயர் ஜேம்ஸ் ஜேமர்சன். 1936இல் தென் கரோலினாவில் பிறந்து டெற்றோயிற் நகருக்கு வந்த கறுப்பின இளைஞர். பாடசாலையில் டபுள் பேஸ் பயின்றவர். டெற்றோயிற்றில் 1959இல் தொடங்கப்பட்ட மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில், அறுபதுகள் முழுவதும் அந்நிறுவனத்தின் வெற்றிப்பாடல்களுள் மிகப் பெரும்பாலானவற்றுக்குப் பேஸ் வாசித்தவர். டெம்ப்டேஷன்ஸ் குழுவின் 'மை கேர்ள்' (1964) பாடலின் தொடக்கத்தில், குரல்கள் எழுமுன் கேட்கும் அந்த அடிநாதம் அவருடையது. பல பாடல்களில் அவருக்குக் கொடுக்கப்பட்டது எந்தச் சுரக்கூட்டுக்குப் பின் எது வரும் என்ற குறிப்புத் தாள் மட்டுமே. மிச்சம் அவரது தலையிலிருந்தும், வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றிலிருந்தும் வந்தது. ஆம், ஒரே விரல்தான்.

உலகம் முழுவதும் கேட்ட அந்த இசைத்தட்டுகளின் உறைகளில் அவருடைய பெயர் இல்லை. பாடியவர் பெயர் உண்டு, எழுதியவர் பெயர் உண்டு, நிறுவனத்தின் பெயர் கொட்டை எழுத்தில் உண்டு. 1971இல் மார்வின் கேயின் 'வட்ஸ் கோயிங் ஒன்' இசைத்தட்டின் உறையில்தான் ஜேமர்சனின் பெயர், அதுவும் ஒப்பற்றவர் என்ற அடைமொழியுடன், அச்சேறியது. அடுத்த ஆண்டே நிறுவனம் லொஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அவருக்கு வாய்ப்புகள் குறைந்தன; மதுப்பழக்கமும் அவரை வீழ்த்தியது. 1983 ஆகஸ்ட் 2ஆம் திகதி தமது 47ஆவது வயதில் இறந்தார்.

இனித்தான் விறாந்தைப் பேச்சுக்காரர்களின் பங்கு வருகிறது. ஜேமர்சன் தந்திகள் அறுந்தாலொழிய அவற்றை மாற்றமாட்டார். தடித்த, மேற்பரப்பு வழவழப்பான தந்திகள். கருவியின் அடிப்பாலத்து மூடிக்குள் ஒரு துண்டுப் பஞ்சு. அதனால் நீண்டு இழுபடாமல் 'தும்' என்று விழும் நாதம். இந்த அற்பத் தகவல்களை யார் சேகரித்தார்கள்? நிறுவனமல்ல, பத்திரிகைகளும் (எங்கள் இனத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்) அல்ல; அதே வாத்தியத்தை வாசிக்கும் பைத்தியக்காரர்கள். கையெழுத்தைப் பார்த்து ஆளைச் சொல்லும் பழைய ஒப்புநோக்காளரைப் போல, தந்தியின் பழமையையும் விரலின் சாய்வையும் காதால் பிடித்து, "இது அந்த ஆள்தான்" என்றார்கள். கிற்றார்க் கலைஞரான அலன் ஸ்லட்ஸ்கி, ஜேமர்சனின் வாழ்க்கையையும் அவரது வாசிப்பின் சுரக்குறிப்புகளையும் தொகுத்து 1989இல் நூலாக்கினார். அது 2002இல் ஆவணப்படமாகவும் வந்தது. ரொக் அன்ட் ரோல் ஹோல் ஒஃப் ஃபேம் ஜேமர்சனைச் சேர்த்துக்கொண்டது 2000ஆம் ஆண்டில். இறந்து பதினேழு வருடங்கள்.

பெயர் போடாமையின் விளைவு மறதி மட்டுமல்ல, வழக்கும்தான். லொஸ் ஏஞ்சலிஸில் ஆயிரக்கணக்கான ஒலிப்பதிவுகளுக்கு வாசித்த கரோல் கே என்ற பெண்மணி, ஜேமர்சனுடையவை எனக் கருதப்படும் சில மோட்டவுன் பாடல்களில் பேஸ் வாசித்தது தாமே என்று நெடுங்காலமாகக் கூறிவந்தார். ஜேமர்சனின் தோழர்களும் ஸ்லட்ஸ்கியும் அதனை மறுத்தனர். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளல்ல. ஆனால் உறையில் இரண்டு வரி அச்சிட்டிருந்தால் இந்தச் சண்டையே எழுந்திருக்காது. அதே ஹோல் ஒஃப் ஃபேம் 2025இல் கரோல் கேயைத் தெரிவு செய்தபோது, தமக்கு அது வேண்டாம் என்று அவர் மறுத்துவிட்டார். தொண்ணூறு வயது!

ஜேமர்சனின் 1962ஆம் ஆண்டுப் பேஸ் கிற்றார் அவர் இறப்பதற்குச் சற்று முன்னர் திருட்டுப்போனது, திரும்பவில்லை. போல் மக்கார்ட்னி 1961இல் ஹம்பேர்க்கில் வாங்கிய ஹொஃப்னர் பேஸும் 1972இல் இலண்டனில் ஒரு வானிலிருந்து களவுபோனது. அதைத் தேடுவதற்கென்றே ஆட்கள் புறப்பட்டார்கள். பொதுமக்களிடம் தகவல் கேட்டார்கள். ஐம்பது வருடங்களுக்குப் பிறகு கருவி உரியவரிடம் சேர்ந்ததாக 2024இல் அறிவிக்கப்பட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் எவருடைய பெயரை உலகம் அறிந்திருந்ததோ, அவருடைய கருவிதான் கிடைத்தது.

நமது பக்கம் திரும்புவோம். இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிற்றார் தனியொரு மெட்டாகவே நடக்கும். 'ரெட்டைவால் குருவி' (1987) படத்தின் 'ராஜ ராஜ சோழன் நான்' பாடலை விறாந்தைக் கூட்டம் பாடகருக்காகக் கேட்பதில்லை. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரியதை ராஜா தாளில் எழுதிக்கொடுப்பவர். ஆகவே ஜேமர்சனின் நிலைமையும் இதுவும் ஒன்றல்ல. ஆயினும் எழுதியதை உயிர்ப்பித்த விரல் ஒன்று உண்டல்லவா? அவருடைய குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்தவர் சசிதரன். நாங்கள் வாங்கிய ஒலிநாடாக்களின் உறைகளில் அந்தப் பெயரை நான் கண்டதில்லை. பின்னாளில் ஏ. ஆர். ரகுமானின் இசைத்தட்டு உறைகளில் வாத்தியக் கலைஞர்களின் பெயர்கள் அச்சாயின. கீத் பீற்றர்ஸ் என்ற பேஸ் கலைஞரைப் பலர் அறிந்தது அவ்வாறுதான்.

கூலி வாங்கிக்கொண்டு வாசித்தவருக்குப் பெயர் எதற்கு என்று கேட்போர் உண்டு. பத்திரிகையிலும் இது பழைய நியாயம். அதைச் சொன்னவர்களுள் நானும் ஒருவன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், கொழும்பில் நடந்த மெல்லிசை நிகழ்ச்சியொன்றைப் பற்றிய செய்தி என் மேசைக்கு வந்தது. நிருபர் எல்லாப் பெயர்களையும் எழுதியிருந்தார். பக்கத்தில் இடமில்லை. பாடகர்கள் நால்வரை விட்டுவிட்டு, மிகுதியை வெட்டி, "மற்றும் குழுவினர்" என்று முடித்தேன். அரை நிமிட வேலை. இரண்டு நாட்களின் பின் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். கையில் நான்காக மடித்த பத்திரிகை. தாம் அன்று பேஸ் வாசித்ததாகவும், ஊரிலிருக்கும் தாயாருக்கு அனுப்புவதற்காக ஐந்து பிரதிகள் வாங்கியதாகவும் சொன்னார். கோபப்படவில்லை. அடுத்தமுறை இடமிருந்தால் பார்க்கச் சொன்னார். நான் தேநீர் தருவித்தேன். அவர் தமது பெயரைச் சொன்னார்; நான் எங்கோ குறித்துக்கொண்டேன். அந்தப் பெயர் இன்று என்னிடம் இல்லை.

எழுபதுகளின் ஈழத்துப் பொப்பிசை என்றால் நித்தி கனகரத்தினத்தையும் ஏ. ஈ. மனோகரனையும் சொல்லுவோம், சொல்லத்தான் வேண்டும். அவர்களுக்குப் பின்னால் நின்று வாசித்தவர்களுள் பலர் இன்று எழுபதைக் கடந்திருப்பார்கள். கனடாவிலும் இலண்டனிலும் பேரப்பிள்ளைகளுடன் இருப்போரும் இருக்கக்கூடும். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ அக்காலத்தில் மேடையேறிய குழுக்களில் பேஸ் வாசித்தவர் எவரையேனும் நீங்கள் அறிந்திருந்தால், பெயர், குழு, ஆண்டு, என்ன கருவி வைத்திருந்தார் என்ற விபரங்களை எனக்கு எழுதியனுப்புங்கள். தந்தி என்ன வகை என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள். மருமகன் கட்டாயம் கேட்பான்.