தறிகளின் ஊரும் கட்சியின் கடமையும்

இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில், பாரிஸ் நகரைச் சூழ்ந்த தொழிற்சாலைப் புறநகர்கள் 'சிவப்பு வளையம்' என்று பெயர் பெற்றன. அவற்றுள் ஒன்றான இவ்ரியில் 1925இல் கம்யூனிஸ்ட் ஜார்ஜ் மரான் மேயரானார். தொழிலாளர் குடியிருப்பு, மருத்துவ நிலையம், குழந்தைகளுக்கான கோடை முகாம் என உழைப்பாளியின் அன்றாட வாழ்வுக்குள் கட்சி வேரூன்றியது. 1970களிலிருந்து ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது அந்த வேர் அறுபடத் தொடங்கியது. ஆலை போனதும் சங்கம் மெலிந்தது. சங்கம் மெலிந்ததும் வாக்கும் கரைந்தது. நீண்டகாலம் கம்யூனிஸ்டுகள் வசமிருந்த சான்-தெனி நகராட்சி 2020இல் கைவிட்டுப் போனது.

ஆலைமூடல் மட்டுமே இதற்குக் காரணம் அன்று. 1980 டிசம்பரில் வித்ரி என்னும் புறநகரில், மாலி நாட்டுத் தொழிலாளர்கள் தங்கவிருந்த விடுதியின் மீது கம்யூனிஸ்ட் நகராட்சியின் தரப்பே புல்டோசரை ஏவியது. புதிதாக வந்த உழைப்பாளியைத் தன் வர்க்கத்தவனாகக் காணத் தவறியது, ஆலைமூடலைவிட ஆழமான காயத்தை உண்டாக்கியது.

இந்த வரலாறு நெய்யாற்றின்கரை, திருப்புறம், பாறசாலைப் பகுதித் தோழர்களுக்குத் தொலைதூரக் கதை அன்று. திருவனந்தபுரத்தின் தெற்கே, நெடுஞ்சாலையோரம் அமைந்த பாலராமபுரமும் உழைப்பால் உருவான புறநகரே. திருவிதாங்கூர் மன்னர் பாலராமவர்மாவின் பெயரைத் தாங்கிய இவ்வூரில், அரண்மனைக்குத் துணி நெய்வதற்காகத் தமிழ்ப் பகுதிகளிலிருந்து சாலியர் குடும்பங்கள் அழைத்து வரப்பட்டுக் குடியமர்த்தப்பட்டன. வரிசை வீடுகளும், பாவு நீட்டிக் கஞ்சி தோய்க்கும் தெருக்களும், வீட்டுக்குள் குழித்தறியுமாக ஊரே ஒரு தொழிற்கூடமாயிற்று. பின்னர் சுற்றுவட்டாரத்தின் பிற சாதி உழைப்பாளிகளும் தறியில் அமர்ந்தனர். ஒரு சாதியின் தொழில் ஒரு வட்டாரத்தின் பாட்டாளித் தொழிலாக மாறியது இப்படித்தான்.

1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கொண்டான் கொடுத்தான் உறவுகளுக்கு நடுவே எல்லைக்கோடு விழுந்தது. ஆனால் நூல் விலைக்கும் கூலிக்கும் எல்லைக்கோடு தெரியாது.

பாலராமபுரம் கைத்தறிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் குறியீடு துணிக்குத்தான். நெய்தவனின் கூலிக்கு அன்று. நூலையும் சந்தையையும் கையில் வைத்திருக்கும் வணிகரிடமே நெசவாளர் சிக்கியிருக்கிறார். அவரை விடுவிக்கத் தோன்றிய கூட்டுறவுச் சங்கங்கள் சில இடங்களில் பெயரளவில் மட்டுமே நிற்கின்றன. நூல் சுற்றும் பெண்களின் உழைப்பு பல வீடுகளில் 'வீட்டு வேலை'யாகவே எண்ணப்படுகிறது. கூலிப் பட்டியலில் பெயரில்லாத உழைப்பு இது.

1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் முதலில் 22 இனங்களைக் கைத்தறிக்கென ஒதுக்கியது. பின்னர் அது 11ஆகக் குறைக்கப்பட்டது. 2020 ஜூலையில் ஒன்றிய அரசு அகில இந்தியக் கைத்தறி வாரியத்தையே கலைத்தது. ஆண்டுதோறும் ஆகஸ்டு 7இல் தேசியக் கைத்தறி நாள் கொண்டாடும் அரசுதான் இது.

2017இல் கேரளத்தின் இடது ஜனநாயக முன்னணி அரசு தொடங்கிய கைத்தறிப் பள்ளிச் சீருடைத் திட்டம் மாற்றுப் பாதையைக் காட்டியது. அரசே வாங்குபவராக நின்றதால் ஓய்ந்திருந்த தறிகள் மீண்டும் ஓசையெழுப்பின. எனினும் கூலி பல மாதங்கள் தாமதமானபோது நெசவாளர் கடனாளியானார். திட்டம் நம்முடையது என்பதற்காக நிலுவையைப் பற்றிப் பேசாமலிருப்பது வர்க்கக் கடமை ஆகாது. ஒன்றிய அரசின் நிதி நெருக்குதலை அம்பலப்படுத்துவதும், நெசவாளரின் கூலியை முதலில் கேட்டுப் பெறுவதும் ஒரே போராட்டத்தின் இரு முனைகள்.

விசைத்தறிப் போலிகளைக் காட்டி, 'தமிழ்நாட்டுத் துணி நம் பிழைப்பைக் கெடுக்கிறது' என்ற பேச்சும் எழுகிறது. இது வித்ரியின் தவற்றுக்கே இட்டுச்செல்லும். எல்லைக்கு அப்பால் இரவும் பகலும் விசைத்தறி ஓட்டுபவரும் சுரண்டப்படும் தொழிலாளிதான். போலிப் பெயரில் விற்று இலாபம் குவிப்பவரே எதிரி.

எனவே செய்யவேண்டியவை தெளிவானவை. நூல் சுற்றும் பெண்களை நலநிதியிலும் சங்கத்திலும் சேர்க்க வேண்டும். செயலிழந்த கூட்டுறவுச் சங்கங்களின் பொதுக்குழுவைக் கூட்டிக் கணக்குக் கேட்க வேண்டும். கூலி குறித்த நாளில் கிடைக்கப் போராட வேண்டும். தமிழ் பேசும் வீடுகளுக்குத் தமிழிலேயே துண்டறிக்கை கொண்டுசெல்ல வேண்டும். நெசவாளரின் மகனும் மகளும் தறியை விட்டு வேறு வேலைக்குச் செல்லும்போது, அந்தப் புதிய பணியிடத்திலும் சங்கம் அவர்களுக்காகக் காத்திருக்க வேண்டும். சிவப்பு வளையத்தில் விடுபட்ட பணி இதுவே.