தறிக்கு விளக்கு ஆகாதாம்!

கைத்தறிக்காகக் கண்ணீர் விடுகிறவர்களோடு எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. ஆகஸ்ட் 7 வந்தால் போதும், புறப்பட்டுவிடுவார்கள். 2015-இல் அதைத் தேசியக் கைத்தறி நாள் என்று அறிவித்ததிலிருந்து இது ஒரு சடங்கு. மேடை, பொன்னாடை, பின்னால் ஒரு பெரிய படம். படத்தில் ஓட்டு வீடு, இருட்டு அறை, கூரை இடுக்கு வழியாக ஒரே ஒரு வெளிச்சக் கீற்று கிழவரின் கைமேல் விழுந்துகொண்டிருக்கும். பார்த்தவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். அந்த இருட்டில் அவர் அறுந்த இழையை எப்படித் தேடுவார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

எனக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவர், அறுபதைத் தாண்டியவர், தன் குழித்தறிக்குத் தானே ஒரு விளக்கு கட்டிக்கொண்டார். புடவை எடுக்க வந்த ஒரு கடைக்கார அம்மாள் போட்டோ பிடிக்கும்போது, "இதைக் கழற்றிவிடுங்கள், கைத்தறி மாதிரியே இல்லை" என்றாராம்.

"கழற்றிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"அந்தம்மா போனதும் திரும்ப மாட்டிட்டேன் ஐயா. படத்துக்கா நெய்யறேன்?" என்றார்.

முப்பத்தைந்து வருஷம் அரசாங்கக் கோப்புகளைப் புரட்டியவன் என்பதால் முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1985-ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தில், விசைத்தறி அல்லாத தறி எல்லாம் கைத்தறி. தறி மின்விசையால் ஓடினால்தான் அது விசைத்தறி. நாடாவை எறிவது கை, மிதியை அழுத்துவது கால் என்று இருக்கும்வரை, மேலே எத்தனை விளக்கு எரிந்தாலும் அது கைத்தறிதான்.

பாரம்பரியம் என்று அடுத்ததாகக் கிளம்புவார்கள். சரி, பார்ப்போம். கயிற்றை இழுத்தால் பறக்கும் நாடா இங்கிலாந்தில் ஜான் கே 1733-இல் செய்தது. காஞ்சிபுரத்துத் தறிகளின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறதே ஜக்கார்டுப் பெட்டி, அது பிரான்சில் லியோன் நகரத்து ஜக்கார்டு 1804 வாக்கில் உருவாக்கியது. அவற்றைக் கழற்றச் சொல்லி யாராவது கேட்டிருக்கிறார்களா? வேலையைக் கூட்டும் சாமான் வந்தால் பாரம்பரியம் கெடாது, நெய்கிறவன் கண்ணைக் காக்கும் சாமான் வந்தால் மட்டும் கெட்டுவிடும் போலிருக்கிறது.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த தோஷம், லியோன் என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. அங்கே குருவா ரூஸ் குன்றின்மேல் பட்டு நெசவாளர்களுக்கென்றே கட்டிய வீடுகள் இன்றும் நிற்கின்றன. ஜக்கார்டுத் தறி உயரமானது என்பதால் கூரை ஏறக்குறைய 4 மீட்டர். வெளிச்சத்துக்காக ஆளுயரத்தைத் தாண்டிய ஜன்னல்கள். அங்கே ஏதோ சொர்க்கம் நடந்தது என்று சொல்ல வரவில்லை. கூலிக்காக 1831-இல் கலகமே செய்தவர்கள் அவர்கள். ஆனால் நெய்கிறவனுக்கு வெளிச்சம் வேண்டும் என்பது வீடு கட்டியவனுக்குத் தெரிந்திருந்தது.

இனி நம்மவர் விளக்குக்கு வருகிறேன். அறை நடுவில் தொங்கும் குண்டு பல்பு தறிக்கு உதவாது. அது முதுகுக்குப் பின்னால் இருக்கும். குனிந்தால் தலையின் நிழல் சரியாக அச்சின்மேல் விழும், கண் பார்க்க வேண்டிய இடத்திலேயே. பழைய சோக் வைத்த குழல் விளக்கு நொடிக்கு நூறு தடவை துடிப்பது, ஓடும் நாடாவைப் பார்க்கிறவனுக்கு ஒரு தொல்லை. மஞ்சள் வெளிச்சத்தில் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகிவிடும்.

அவர் வாங்கியது ஒட்டும் நாடா மாதிரி வரும் எல்.இ.டி. பட்டை, 12 வோல்ட், வெள்ளை வெளிச்சம். தறி அகலத்துக்கு ஒண்ணேகால் மீட்டர் வெட்டி, ஒரு அலுமினியச் சட்டத்தில் ஒட்டி, அச்சுக்கு நேர்மேலே சற்று முன்தள்ளிக் கட்டினார். சட்டம் சூட்டை இழுத்துக்கொள்ளும், கண்ணிலும் குத்தாது. இன்னொரு சாண் நீளத் துண்டை விழுதுக்குப் பின்னால் தாழ்வாக வைத்தார். இதுதான் சூட்சுமம். பக்கவாட்டில் படியும் அந்த வெளிச்சத்தில் பாவு இழை ஒன்று அறுந்து தொய்ந்தால் உடனே தெரிகிறது. முன்பெல்லாம் நாலு விரற்கடை நெய்து முடித்த பிறகுதான் தெரியுமாம்.

12 வோல்ட் என்பதை அழுத்திச் சொல்கிறேன். குழித்தறியில் கால் மண்ணில் இருக்கிறது, மழைக்காலத்தில் குழி ஈரம். அடிக்கிற அடியில் தறி முழுதும் அதிரும். அதில் 230 வோல்ட் ஒயரை ஆணியில் சுற்றினால் உறை தேய்ந்து என்றாவது ஒருநாள் ஆளை அடிக்கும். பஞ்சுத் தூசிக்குப் பக்கத்தில் சூடான குண்டு பல்பும் வேண்டாத வேலை.

இரண்டு துண்டும் சேர்ந்து ஏழு வாட் இருக்கும். எட்டு மணி நேரம் எரித்தாலும் ஒரு யூனிட் ஆகப் பதினேழு, பதினெட்டு நாள். பக்கத்துத் தமிழ்நாட்டில் 2023 முதல் கைத்தறி நெசவாளருக்கு இரு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம். மின்சாரம் வீட்டுக்கு வந்துவிட்டது. அது அச்சுமேல் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் வருகிற இடம் வேறு. இதே நெசவாளருக்கு, விளக்கு கட்டுவதற்கு முந்தின வருஷம், புடவையில் இழை விட்டிருக்கிறது என்று கூலியில் பிடித்தார்கள். பிடித்தவர்கள் யார் என்று எழுதப்போவதில்லை. ஆனால் பழுது பார்த்த மேஜைக்கு மேலே இரண்டு குழல் விளக்கு எரிகிறதாம்! பார்க்கிறவனுக்கு இரண்டு விளக்கு, நெய்கிறவனுக்கு ஒன்றும் இல்லை. இருபது வயதில் விழித்திரைக்குப் போய்ச்சேரும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் போகிறது. எழுபதைத் தாண்டி இதைப் படிக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தறிக்கு விளக்கு வாங்க உதவி என்று மத்திய அரசின் கைத்தறித் திட்டத்திலேயே இனம் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கித் தருவது சங்கத்தின் வேலை. தறிக்கு விளக்குக் கொடுக்காத வரையில் பழுதுக்குக் கூலியில் பிடிக்கக் கூடாது என்பேன். இதில் பேரத்துக்கு இடமில்லை.

அதுவரைக்கும் ஒரு காரியம். உங்கள் வீட்டு மேஜை இழுப்பறையில் பழைய மோடத்தின் அடாப்டர் ஒன்று சும்மா கிடக்கும். திருப்பிப் பாருங்கள், 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று போட்டிருந்தால் அந்த விளக்குக்குத் தாராளமாகப் போதும். தெரிந்த தறிக்காரர் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.