ஹோம்ஸ்டே யார் பெயரில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர் என்று ஊருக்கு ஊர் ஹோம்ஸ்டே பெருகுவதை எல்லோரும் கிராம வளர்ச்சி என்கிறார்கள். வருமானம் வருவது உண்மைதான். ஆனால் அதற்காக உழைக்கிற பெண்ணின் பெயர் ஒரு காகிதத்திலும் இல்லையே!

முன்பு பூண்டுக் காட்டில் களை எடுத்தாலும், பூண்டு உரித்துக் கட்டினாலும் கூலி பெண்ணின் கையில் விழும். அதில்தான் மகளிர் குழுக்கடன் அடைப்பார்கள், சீட்டுக் கட்டுவார்கள். இப்போது வீட்டில் ஆள் தங்கியிருந்தால் கூலிக்குப் போக வழியில்லை. விடியுமுன் எழுந்து விறகடுப்பில் அண்டா வைத்து, வந்தவர்கள் அத்தனை பேருக்கும் வெந்நீர் போட வேண்டும். சமையல், பாத்திரம், கக்கூஸ் கழுவுவது வரை அவள் தலையில்தான். அவர்கள் போனபின் கம்பளிகளைத் துவைக்க வேண்டும். மூட்டம் போட்டால் இரண்டு மூன்று நாளானாலும் காயாது, அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் போடுகிறார்கள். "காசு வந்துச்சாக்கா?" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டேன். "அவரு போனுக்கு ஜிபே பண்ணிட்டாங்க" என்றார். குழுக்கடன் தவணைக்கு வீட்டுக்காரரிடம் கேட்டு நிற்கும் நிலை, கூலிக்குப் போன காலத்தில் அந்த அக்காவுக்கு இருந்ததில்லை.

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் ஆறு அறை வரைதான் அனுமதி. உரிமையாளர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்க வேண்டும். குடும்பம் இல்லாமல் ஹோம்ஸ்டே இல்லை என்று ஒப்புக்கொள்கிற அரசு, பெயர் எழுதும்போது மட்டும் பத்திரம் யார் பேரில் என்று பார்ப்பது என்ன நியாயம்? பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று 1989-லேயே சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. ஆனாலும் எங்கள் பக்கம் வீட்டுப் பத்திரங்கள் பெரும்பாலும் ஆண்கள் பேரில்தான் கிடக்கின்றன. 2025 ஏப்ரல் முதல் பெண் பெயரில் பதிந்தால் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் சலுகை உண்டு. நல்ல காரியம், ஆனால் தாத்தா காலத்து வீட்டில் அடுப்பூதுகிறவளுக்கு அதனால் ஆவதென்ன?

கேரளத்தில் 2008-ல் குமரகத்தில் பொறுப்புச் சுற்றுலா தொடங்கியபோது, குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழுக்களின் பெண்கள் விளைவித்த காய்கறியை ஓட்டல்கள் வாங்க ஏற்பாடு செய்தார்கள். பணம் பெண்களின் குழுக்களுக்கே போனது. இங்கே அது ஏன் முடியாது?

ஹோம்ஸ்டே பதிவில் அதை நடத்தும் பெண்ணின் பெயரும் வங்கிக் கணக்கும் கட்டாயம் இடம்பெற வேண்டும். பயிற்சியும் கடனும் அவளுக்கும் கிடைக்க வேண்டும். அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைக்கக் கேட்கப்போகிறோம். அதற்கு முன்பே மாவட்ட நிர்வாகம் ஆள் அனுப்பட்டும். வந்தவர்கள் திண்ணையோடு திரும்பாமல், அடுப்படி வரை வந்து யார் வேலை பார்க்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு போகட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மன்னவனூர், திண்டுக்கல் மாவட்டம்.